ஜனவரிக்கு ஒரு கடல்

மூன்று மணிக்கே இருட்டிவிட்டது குவோபியோவில்.
ரைலியின் சமையலறை மேசையில்
விரித்த வரைபடம், அதன் மேல் மீன் சூப் கிண்ணங்கள்.
அட்லாண்டிக்கில் ஒரு வெண்ணெய்க் கறை.
ஜன்னலுக்கு வெளியே கல்லவேசி ஏரி
தன்னைத் தானே
உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டிருந்தது.

போன மார்ச்சில் அந்தத் தாழை
ரம்பத்தால் முக்கோணமாக அறுத்து இறங்கினோம்.
நீர் ஒரு டிகிரி.
என் இடது கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை.
பத்தாவது நிமிடத்தில் விரல்கள்
வேறு யாருடையவோ ஆகிவிட்டன.
மூச்சுக் கருவி உறைந்து
காற்றைக் கண்டபடி கொட்டத் தொடங்கியதும்
கயிற்றை இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன்.
மறுமுனையில் இல்க்கா.
அந்தப் பருவம் முழுக்க மேலேயே நின்றார்;
கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே என்றார்,
நாங்களும் சரி என்றோம்.

பனிமேல் மல்லாந்து கிடந்தபடி சொன்னேன்:
அடுத்த குளிருக்கு வெதுவெதுப்பான கடல்.
சத்தியம் மாதிரிதான் சொன்னேன்,
பல் கிட்டியதில் பாதிதான் கேட்டிருக்கும்.

எகிப்து என்றாள் ரைலி. மலிவு.
ஆனால் ஜனவரிச் செங்கடல் இருபத்திரண்டுதான்,
வடகாற்று வேறு, அலை வேறு.
இருபத்திரண்டெல்லாம் ஒரு சூடா என்று கேட்டுவிட்டு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.
ஒரு டிகிரியில் நடுங்கிய உடம்பு
வாயைத் திறந்தால் இருபத்தெட்டு கேட்கிறது.

மாலத்தீவில் ஆனைத்திருக்கைகள்
ஈரக் கம்பளம் உதறுவதுபோல் வருமாம்.
ஒரு வாரப் படகுக் கூலி
என் காரின் பிரேக்கும் ரைலியின் இரண்டு ஜன்னல்களும்.
இந்தோனேசியாவுக்கு மூன்று விமானம், ஒரு தோணி.
விடுப்பில் நான்கு நாளை
ஆகாயமே தின்றுவிடும்.

ஒவ்வொரு பெயருக்கும் இல்க்கா
கரண்டியைக் கீழே வைத்துக் கேட்டது ஒன்றுதான்:
"பவளம் எத்தனை மீட்டரில் தொடங்குகிறது?"
முப்பது வருடம் முங்கியவருக்கு
ஆழம் பற்றி என்ன பயம் என்று கிண்டல் செய்தேன்.
இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

காபி போட ரைலி எழுந்தபோது
சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து
வரைபடத்தின்மேல், சரியாக ஆப்பிரிக்காவை மூடி வைத்தார்.
உள்காது. வலது பக்கம்.
இனி அழுத்தம் கூடாது.
தேதி, இரண்டு வருடத்துக்கு முந்தையது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
காபி பொங்கி அடுப்பில் விழுந்து கருகியது.

பிறகு ரைலி, எங்களைப் பார்க்காமல்,
வரைபடத்தின் இடது ஓரத்தில்
வெண்ணெய்க் கறைக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தாள்.
பொனேர்.
கரையிலிருந்தே நடந்து இறங்கலாம்,
இறங்குமிடம் தெரிய மஞ்சள் பூசிய கற்கள்,
மேற்குக் கரையில் அலை இல்லை,
தண்ணீர் இருபத்தேழு.
பவளம்?
முழங்காலில் தொடங்குகிறது என்றாள்.

இல்க்கா வெகுநேரம் அந்தப் புள்ளியைப் பார்த்தார்.
நான் மேலே மிதப்பேன்,
முதுகு வெயிலுக்கு, முகம் உங்களுக்கு,
உங்கள் குமிழி வந்து என் வயிற்றில் உடைந்தால்
கீழே எல்லாம் சரி என்று அர்த்தம்.
அதுவும் கயிறுதான் என்றார்.

டிக்கெட் எடுக்கும்போது இரவு பதினொன்று.
ஆம்ஸ்டர்டாமில் ஆறு மணி நேரம் காத்திருப்பு.
ஆளுக்கு இருபத்துமூன்று கிலோ.
"உங்களுக்குத்தான் பாரமான சாமான் ஒன்றும் இல்லையே,"
என்று அப்போதே ஆரம்பித்தாள் ரைலி,
"என் கேமரா விளக்குகளை உங்கள் பெட்டியில் வைக்கிறேன்."
நான் என் துடுப்புக்காலணிகளுக்கு இடம் கேட்டேன்.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கிலோவுக்கு ஒரு பீர் என்று
கறாராகப் பேரம் பேசினார் இல்க்கா.